கறுப்புத் திரை வந்தா கணினி போச்சா?

2011-ல தமிழக அரசு தரத் தொடங்கின விலையில்லா மடிக்கணினியில விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. ராசிபுரம், ஆத்தூர் பக்கம் பல பிள்ளைங்களுக்கு அதுதான் முதல் லினக்ஸ். டெஸ்க்டாப் வராம, கறுப்புத் திரையில 'லாகின்'னு மட்டும் நின்னா, மெஷின் போச்சுன்னு அர்த்தமில்லை. லினக்ஸ்ல டெஸ்க்டாப் என்பது மேலே ஓடும் இன்னொரு நிரல், அவ்வளவுதான்.

அந்த மடிக்கணினிகள்ல அதற்கு அடித்தளம் எக்ஸ். 1984-ல எம்ஐடியில் பிறந்தது. 'டபிள்யூ'ங்கிற பழைய நிரலுக்கு அடுத்து வந்ததால அந்தப் பேர். 1987-ல வந்த பதினோராவது பதிப்பின் வழிதான் இன்னைக்கும் தொடருது.

உள்ளே நுழைஞ்சு 'ஸ்டார்ட்எக்ஸ்'னு அடிச்சா, அந்தச் சின்ன ஸ்கிரிப்ட் 'எக்ஸ்இனிட்'டைக் கூப்பிடும். அது எக்ஸ் சர்வரை எழுப்பி, டெஸ்க்டாப்பைத் தொடங்கும். வரலைன்னா, எங்கே தடுக்குதுன்னு பிழைச்செய்தி காட்டும். ப்ராஜெக்ட் ஃபைல் பெரும்பாலும் வட்டுல பத்திரமா இருக்கும். ஃபார்மேட் பண்ணக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, அந்த ஒரு வார்த்தையை அடிச்சுப் பாருங்க.