வரிசையில் யார் நின்றார்கள்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம் ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர்ப் பக்கம் எந்த ஜெராக்ஸ் கடையில் நின்றாலும் ஒரு பேச்சு காதில் விழும். "முன்ன மாதிரி இல்லீங்க, லா காலேஜுக்கும் கூட்டம் கூடிப்போச்சு." சொல்பவர் பெரும்பாலும் ஓர் அப்பாவாக இருப்பார். கையில் மகளின் மதிப்பெண் பட்டியல். போட்டி அதிகம், கட்-ஆஃப் ஏறிவிடும், பேசாமல் பக்கத்துக் கல்லூரியில் பி.காம். சேர்த்துவிடலாம் என்ற முடிவு அந்தப் பேச்சுக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

கூட்டம் கூடியது உண்மைதான். ஆனால் அது எப்போது கூடியது, யார் வந்து சேர்ந்ததால் கூடியது, கூடிய பிறகு யார் வெளியே தள்ளப்பட்டார்கள் என்று கேட்டால் கதை வேறு மாதிரி விரிகிறது.

சேலம் ஒரு காலத்தில் வக்கீல்களின் ஊர். 1882 சேலம் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையான சி. விஜயராகவாச்சாரியார் இங்கேதான் இருந்தார்; 1920இல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். ராஜாஜி 1900இல் இங்கே தொழில் தொடங்கி, 1917இல் நகராட்சித் தலைவரானார். வக்கீல் கோட்டிலிருந்து பொதுவாழ்க்கைக்குப் போகும் பாதை அந்த ஊரில் அவ்வளவு நேராக இருந்தது. அந்தப் பாதையில் ஒரு பெண் கூடக் கிடையாது. போட்டியில் தோற்றதால் இல்லை. போட்டியில் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

1916இல் கல்கத்தாவில் ரெஜினா குஹா சட்டம் படித்துத் தேறி, வழக்காடப் பதிவு கேட்டபோது நீதிபதிகள் மறுத்தார்கள். சட்டத்தில் தகுதியுள்ள 'நபர்' என்று எழுதியிருப்பது பெண்ணைக் குறிக்காதாம். 1921இல் பாட்னாவில் சுதாம்சுபாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில். 1923இல் சட்டத் தொழிலில் பெண்களுக்கு இருந்த தடையை நீக்கத் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. சென்னைச் சட்டக் கல்லூரி தொடங்கியது 1891. சென்னை உயர் நீதிமன்றத்தில் பி. ஆனந்தாபாய் வழக்கறிஞராகப் பதிவு செய்தது 1929. இடையில் 38 ஆண்டுகள். 1862இல் உருவான அதே உயர் நீதிமன்றத்தில் முதல் பெண் நீதிபதியாகப் பத்மினி ஜேசுதுரை அமர்ந்தது 1986இல். இந்த நீண்ட காலம் முழுக்க 'சட்டக் கல்லூரியில் கூட்டம் இல்லை' என்று யாராவது சொல்லியிருந்தால், பாதி ஜனத்தொகை கணக்கிலேயே இல்லாததால் அப்படித் தோன்றியது என்றுதான் பொருள்.

நம் பக்கத்திலிருந்தே ஒரு வீட்டைப் பாருங்கள். திருச்செங்கோடு வட்டம் குமாரமங்கலம் ஜமீன். பி. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். அவருடைய மனைவி ராதாபாய் சுப்பராயன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். மகன் மோகன் குமாரமங்கலம் இங்கிலாந்தில் பாரிஸ்டராகி, சென்னை மாநில அட்வகேட் ஜெனரல் ஆனார். மகள் பார்வதி கிருஷ்ணனும் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்தான். தொழிற்சங்கத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போனார். வசதியும் முற்போக்கும் சேர்ந்திருந்த வீட்டில் இவ்வளவும் நடந்தது. அந்த ஜமீன் நிலத்தில் கடலை பிடுங்கிய பெண்களுக்கு எழுத்துப் படிப்பே எட்டாத காலம் அது.

சட்டம் அனுமதித்த பிறகு குறுக்கே நின்றது தூரம். 1970களின் நடுப்பகுதி வரை அரசு சட்டக் கல்லூரி சென்னையில் மட்டும்தான். சேலத்திலிருந்து ஏறக்குறைய 340 கிலோமீட்டர். பையனாக இருந்தால் டிரங்குப் பெட்டியோடு ரயிலேற்றி விடுவார்கள். பெண்ணுக்கு விடுதி, துணை, பிறகு ஊர் பேசப்போகும் பேச்சு என்று ஒவ்வொன்றுக்கும் வீடு பதில் தேட வேண்டும். மதுரைக்குக் கல்லூரி வந்தது, 1970களின் முடிவில் திருச்சிக்கும் கோவைக்கும் வந்தது. 1980களில் சேலத்திலேயே ஒரு தனியார் சட்டக் கல்லூரி வந்தது. கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு அது கதவைத் திறந்தது.

அதே 1980களில் நடந்த இன்னொரு மாற்றத்தை நம் பெண் கல்வி வரலாறுகள் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். பிளஸ் டூ முடித்ததும் சேரும் ஐந்தாண்டு சட்டப் படிப்பு அப்போதுதான் வந்தது. அதற்கு முன்பு முதலில் ஒரு பட்டம், பிறகு மூன்றாண்டு பி.எல். பட்டம் முடிக்கும்போது பெண்ணுக்கு இருபது, இருபத்தொன்று. நம் ஊரில் அந்த வயதில் ஜாதகம் கையை விட்டுப் போயிருக்கும். கல்யாணப் பேச்சுக்கு முன்பே, பதினேழு வயதில் ஒரு பெண்ணைச் சட்டக் கல்லூரி வாசலில் நிறுத்தியது ஐந்தாண்டுப் படிப்புதான். மறுபக்கம், மூன்றாண்டுப் படிப்பு பிள்ளை பெற்று வளர்த்த பிறகு திரும்பி வரும் பெண்களின் வாசலாக இருந்தது. 2008இல் பார் கவுன்சில் அதற்கு 30 வயது உச்சவரம்பு வைத்தது. ஐந்தாண்டுப் படிப்புக்கு 20. பல வழக்குகளுக்குப் பிறகு, 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பை நிறுத்தி வைத்தது. முப்பது வயதுக்குள் யாருக்கு நேரம் கிடைத்திருக்கும், யாருக்குக் கிடைத்திருக்காது என்று அந்த விதியை எழுதியவர்கள் யோசித்தார்களா, தெரியவில்லை.

இனி நாமக்கல் பள்ளிகள். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. 1980களில் மருத்துவம், பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. கோழிப்பண்ணையும் லாரி பாடி கட்டும் பட்டறையும் பணம் புழங்க வைத்த இந்தச் சமவெளியில் விடுதிப் பள்ளிகள் முளைத்தன. விடியற்காலை படிப்பு, இரவு தேர்வு, மறுநாள் அதே தேர்வு. 'பிராய்லர் பள்ளி' என்று ஊரே கேலி பேசியது. பேசியவர்களே பிள்ளைகளையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவுவது வழக்கமாகிவிட்டதால்தான், 2017-18இல் அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தது. முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தையும் அதே 2017இல் நிறுத்தியது.

1990களின் கடைசியில் அப்படி ஒரு விடுதியில் நானும் இரண்டு வருஷம் இருந்தேன். எந்தப் பள்ளி என்பது முக்கியமில்லை, எல்லாம் ஒரே அச்சு. சட்டம் என்ற சொல்லை அந்த இரண்டு வருஷத்தில் எந்த ஆசிரியர் வாயிலும் நான் கேட்கவில்லை. டாக்டர் அல்லது இன்ஜினியர். இரண்டும் கிடைக்காதவர்களைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். வீட்டில் நான் சட்டம் படிக்கிறேன் என்று சொன்னபோது அப்பத்தா சிரித்தார். "இப்பவே எதுத்துப் பேசற, வக்கீலுக்குப் படிச்சா எந்தூட்டுக்கு அம்மணி உன்னைக் கட்டிக் குடுக்கறது?" கோவைக்கு அனுப்ப முடியாது, சேலத்தில் கட்ட முடியாது என்று அப்பா கணக்குப் போட்டார். பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் வரலாறு கிடைத்தது. இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான்.

இதே சமவெளிக்கு இன்னொரு முகம் உண்டு. பெண் சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போது அதற்குள் இருந்தது. 1997இல்தான் தனி மாவட்டமானது. அந்த ஆண்டுகளில் பிறந்து தப்பிப் பிழைத்த பெண்கள் 2009, 2010 வாக்கில் பிளஸ் டூ எழுதினார்கள். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பையன்களைவிடப் பெண்களின் தேர்ச்சி விகிதம் அதிகம் என்பது இப்போது செய்தியே இல்லை. 'கூட்டம் கூடிப்போச்சு' என்று ஜெராக்ஸ் கடையில் சொல்லும்போது அந்தக் கூட்டத்தில் இவர்களும் இருக்கிறார்கள். உயிரோடு இருப்பதாலும், பள்ளியை விட்டு நிற்காததாலும் கூடிய கூட்டம் அது.

கூடிய பிறகு என்ன ஆகிறது? அது எந்த வாசல் என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளுக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கை நடத்துகிறது. எந்த குரூப் படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆய்வுக்கூடம் சரியில்லாத அரசுப் பள்ளியில் வணிகவியலோ வரலாறோ படித்த பெண்ணுக்கு இது பெரிய விஷயம். 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடியும். இந்த வாசலில் எழுதுகிறவர்கள் கூடினால் கட்-ஆஃப் ஏறும். ஆனால் ஏறும் படி பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருக்கிறது.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் வாசல் வேறு. கிளாட் தேர்வு 2008இல் ஏழு பல்கலைக்கழகங்களுக்காகத் தொடங்கியபோது எழுதியவர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர். இப்போது பல்கலைக்கழகங்கள் இருபதைத் தாண்டிவிட்டன, எழுதுகிறவர்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். இடங்களும் கூடின, எழுதுகிறவர்கள் கூடிய வேகத்தில் கூடவில்லை. இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள், ஆங்கிலத்தில் மட்டும். சரியான விடைக்கு 1, தவறுக்கு 0.25 கழிவு. ஒரு கேள்வியில் தடுமாறினால் 1.25 மதிப்பெண் வித்தியாசம். ஆயிரக்கணக்கானோர் அதே மதிப்பெண்ணைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும்போது அந்த ஒன்றேகால் மதிப்பெண் ரேங்கை எங்கேயோ தூக்கிப் போட்டுவிடும். அந்த இடைவெளியில்தான் கோச்சிங் சென்டர் கடை விரிக்கிறது. கூட்டம் பெருகப் பெருக, வினாத்தாளைவிட அதற்கு முந்தைய இரண்டு வருஷப் பயிற்சிதான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. அதற்கு வீட்டில் பணம் எடுக்க வேண்டும். மகனுக்கு என்றால் நிலத்தை அடமானம் வைக்கும் குடும்பம், மகளுக்கு என்றால் அதை நகைக்குச் சேர்த்து வைக்கும். இடம் கிடைத்தாலும் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கட்டணம், வெளி மாநில விடுதி.

இதற்கு நேர் எதிராக ஒன்று நம் பக்கத்தில் நடந்தது. 2017இல் தருமபுரியில் அரசு சட்டக் கல்லூரி வந்தது. 2019இல் சேலத்திலும் நாமக்கல்லிலும் வந்தது, தேனியிலும் வந்தது. விண்ணப்பங்கள் குவிந்ததால் கிடைத்த கல்லூரிகள் இவை. கூட்டம் கூடாமல் இருந்திருந்தால் எந்த அரசும் கட்டியிருக்காது. காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பலாம். என் அப்பா போட்ட கணக்கில் பாதி இப்போது தேவைப்படாது. மீதிப் பாதி இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் 'போட்டி அதிகம்' என்ற பெயரில் ஜெராக்ஸ் கடையில் கேட்கிறோம்.

வரிசையின் கடைசியில் யார் நிற்கிறார்கள் என்பதற்கு ஒரு செய்தி. 2024 தொடக்கத்தில் ஜவ்வாது மலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் தேறினார். கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் வாழ்வதும் அதே மலையாளிச் சமூகம்தான். மாநிலத்தில் பழங்குடியினருக்கு இடஒதுக்கீடு 1 சதவீதம். குழந்தை பிறந்த இரண்டே நாளில் சென்னைக்குப் போய் அவர் தேர்வு எழுதியதை எல்லாப் பத்திரிகையும் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். தையல் காயாத உடம்போடு அந்த மலையிலிருந்து அவ்வளவு தூரம் காரில் போனவளுக்கு இன்னொரு தேதி கொடுக்க அந்தத் தேர்வு முறையில் ஏன் ஒரு விதி இல்லை என்று எந்தத் தலையங்கமும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.