காசில் மட்டும் பெயர் எஞ்சிய பேரரசன்

கி.பி. 289ஆம் ஆண்டு, மேற்கு ரோமானியப் பேரரசன் மாக்சிமியனின் முன்னிலையில் ஒரு புகழுரை நிகழ்த்தப்பட்டது. அதில் கடற்கொள்ளையன் ஒருவன் விரைவில் அழிவான் என்று உரையாளர் உறுதி கூறுகிறார். 297ஐ ஒட்டி, மாக்சிமியனின் இளைய துணையரசன் கான்ஸ்டான்ஷியஸின் முன்னிலையில் இன்னொரு புகழுரை. அக்கொள்ளையனின் கதை முடிந்துவிட்டதை அது கொண்டாடுகிறது. இரண்டு உரைகளும் நமக்குக் கிடைத்துள்ளன. இரண்டிலும் அந்த மனிதனின் பெயர் இல்லை. பெயரை உச்சரிப்பதே அவனுக்குத் தரும் மரியாதை என்று கருதினர் போலும்.

அவன் பெயர் கரௌசியஸ். பிரித்தானியாவையும் வட காலியாவின் கடற்கரையையும் ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆண்டவன். அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்லும் நூலோ கடிதமோ ஏதும் எஞ்சவில்லை. எஞ்சியவை காசுகள் மட்டுமே. பகைவர் சொல்லையும் அவனது காசையும் அருகருகே வைத்து இந்த வரலாற்றைப் படிக்க முயல்வதே நமது நோக்கம். காசு பேசுவதைக் கேட்கும்போது நம் ஆசை எங்கே குறுக்கிடுகிறது என்பதையும் உடன் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கரௌசியஸ் மெனாப்பியர் குடியைச் சேர்ந்தவன். இன்றைய பெல்ஜியத்தையும் நெதர்லாந்தின் தென்பகுதியையும் ஒட்டிய கடலோரம் அவர்களுடைய நிலம். மிகத் தாழ்ந்த பிறப்பினன் என்கிறார் வரலாற்றாசிரியர் யூட்ரோப்பியஸ். இளமையில் கூலிக்குக் கப்பல் செலுத்தியவன் என்கிறார் அவுரேலியஸ் விக்டர். இருவருமே சுமார் எழுபது ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர்கள்.

284இல் அரியணை ஏறிய டயோக்ளீஷியன், பரந்த பேரரசைத் தனியே காக்க இயலாது என உணர்ந்து மாக்சிமியனை மேற்கே துணையாக்கினான். காலியாவில் பகாவுடே எனப்பட்ட கிளர்ச்சிக் கூட்டங்களை மாக்சிமியன் அடக்கியபோது, அப்போரில் பெயர் பெற்றவன் கரௌசியஸ். கடலறிந்தவன் என்பதால் அடுத்து வந்தது கடற்பொறுப்பு. பிராங்குகளும் சாக்சன்களும் கடலோர ஊர்களைச் சூறையாடிய காலம் அது. இன்றைய பூலோன் துறைமுகத்திலிருந்து அவர்களை ஒடுக்குமாறு ஒரு கப்பற்படை அவனிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவன் வென்றான்; அந்த வெற்றியே அவனுக்கு வினையாயிற்று. கொள்ளையர்களிடமிருந்து மீட்ட பொருள் முழுமையாக மக்களிடமும் சேரவில்லை, கருவூலத்துக்கும் வரவில்லை என்று குற்றச்சாட்டு எழுந்தது. கொள்ளையர்களை வேண்டுமென்றே உள்ளே விட்டு, அவர்கள் நிறைந்த கப்பல்களுடன் திரும்பும்போது மடக்குகிறான் என்ற ஐயமும் சேர்ந்தது. மாக்சிமியன் அவனைக் கொல்ல ஆணையிட்டான். செய்தி எட்டியதும், 286ஆம் ஆண்டு வாக்கில், கரௌசியஸ் கப்பற்படையோடு பிரித்தானியாவுக்குச் சென்று தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டான்.

குற்றச்சாட்டு உண்மையா? அதைச் சொல்பவர்கள் அனைவரும் வென்றவர்களின் உலகத்தைச் சேர்ந்தவர்கள். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. கூலிக்குக் கப்பலோட்டிய ஒருவனைக் கப்பற்படையும் படைவீரர்களும் பின்தொடர்ந்தனர், தீவும் ஏற்றுக்கொண்டது. வெறும் கொள்ளையனுக்கு இது எளிதில் வாய்க்காது. மாக்சிமியன் கட்டிய கப்பற்படைக்கு 289இல் வெற்றி உறுதி என்ற புகழுரை மரபு, 291ஆம் ஆண்டின் உரையில் அதுபற்றி வாய் திறக்கவில்லை. பிற்காலத்து உரை, கடலின் சீற்றத்தைக் காரணமாகக் காட்டி நகர்ந்துவிடுகிறது. மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இத்தகைய மௌனத்தின் பொருள் விளங்கும்.

இனி காசுகளுக்கு வருவோம்.

கரௌசியஸின் தொடக்கக் காசுகள் பல செப்பமற்றவை. முந்தைய அரசர்களின் காசுகளை எடுத்து அவற்றின் மேலேயே தன் அச்சைப் பதித்திருக்கிறான். சிலவற்றில் பழைய முகத்தின் கோடுகள் புதிய முகத்தின் அடியில் இன்றும் தெரிகின்றன. படைக்குச் சம்பளம் தரவேண்டும். தன் முகமும் பெயரும் அந்தச் சம்பளத்தில் இருக்கவேண்டும். உலோகத்தை உருக்கிப் புதிதாக வார்க்க நேரமில்லை. அவசரத்தில் பிறந்த ஓர் அரசை அந்தக் காசுகளில் காண்கிறோம். முகமும் அதற்கேற்றதே: தடித்த கழுத்து, கனத்த தாடை, அடர்ந்த தாடி. அழகுபடுத்த முயலாத முகம்.

ஆனால் அவன் அத்தோடு நிற்கவில்லை. ரோமானியப் பேரரசின் வெள்ளிக் காசு என்பது அக்காலத்தில் பெயரளவிலேயே வெள்ளி. நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளியும் தேறாத செப்புக் காசுகள் அந்த மதிப்பில் புழங்கின. அந்நிலையில் கரௌசியஸ் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெள்ளி கொண்ட காசை வெளியிட்டான். டயோக்ளீஷியன் தன் நாணயச் சீர்திருத்தத்தில் நல்ல வெள்ளிக் காசைக் கொண்டுவந்தது 294 வாக்கில்தான். சட்டப்படியான பேரரசனை 'கொள்ளையன்' பல ஆண்டுகள் முந்திக்கொண்டான். நம்பிக்கை தேவைப்பட்டவன் அவன். நல்ல வெள்ளியால் அதை வாங்கினான்.

அந்த வெள்ளிக் காசுகளில் ஒரு காட்சி இலக்கிய வாசகர்களுக்கு உரியது. பிரித்தானியா ஒரு பெண்ணாக நிற்கிறாள். எதிரே நிற்கும் பேரரசனின் கையைப் பற்றுகிறாள். சுற்றிலும் இரு இலத்தீன் சொற்கள்: எக்ஸ்பெக்டாடே வெனி. நெடுநாள் எதிர்பார்க்கப்பட்டவனே, வருக என்பது பொருள். இது வழக்கமான நாணய வாசகம் அன்று. விர்ஜிலின் ஈனியட் காவியத்தில், திராய் வீழும் இரவில் ஹெக்டரின் ஆவி கனவில் தோன்ற, ஈனியஸ் அவனை விளிக்கும் சொல்லின் எதிரொலி. இறந்த வீரனை நோக்கிச் சொல்லப்பட்ட சொல் புதிய அரசனை வரவேற்கப் பயன்பட்டிருக்கிறது. ரோமின் ஓநாயும் இரட்டைக் குழந்தைகளும் வேறு சில காசுகளில் இடம்பெற்று, ரோமானியரைப் புதுப்பிப்பவன் இவன் என்கின்றன. தனிநாடு கண்டவனாக அவன் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. உண்மையான ரோம் தன்னிடம்தான் இருக்கிறது என்பதே அவன் வாதம்.

அதே வெள்ளிக் காசுகள் பலவற்றின் அடியில் ஆர், எஸ், ஆர் என மூன்று எழுத்துகள் உள்ளன. நிதி அதிகாரியின் பதவிப் பெயரின் முதலெழுத்துகள் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இன்னொரு வெண்கலப் பதக்கத்தில் ஐ, என், பி, சி, டி, ஏ என்ற ஆறு எழுத்துகள் உள்ளன. அவை யாருக்கும் விளங்கவில்லை. 1998இல் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் கை டி லா பெடோயர் ஒரு விடையை வெளியிட்டார். விர்ஜிலின் ஆயர் பாடல்களுள் நான்காவதில், சனி தேவனின் பொற்காலம் மீள்வதையும் வானிலிருந்து புதிய தலைமுறை இறங்குவதையும் பேசும் இடம் உண்டு. அங்கே ஆறாம் அடியின் இறுதி மூன்று சொற்களின் முதலெழுத்துகள் அந்த மூன்று. அடுத்த அடியின் சொற்களின் முதலெழுத்துகள் அந்த ஆறு. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாகக் கண்முன் கிடந்த எழுத்துகள் ஒரு கவிதையாகிவிட்டன.

அரசியலிலும் அவன் காசையே தூதாக்கினான். ஒரு காசின் முகப்பில் டயோக்ளீஷியன், மாக்சிமியன், கரௌசியஸ் மூவரின் முகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன. கரௌசியஸும் அவன் சகோதரர்களும் என்பது வாசகம். பின்புறத்தில் அமைதி எனும் சொல்லையடுத்து அகஸ்டஸ் பட்டத்தின் சுருக்கம் மூன்று 'ஜி' எழுத்துகளோடு முடிகிறது. அந்த எழுத்து எத்தனை முறை வருகிறதோ அத்தனை பேரரசர்கள் என்பது நாணய வழக்கு. அவர்கள் பெயரிலும் அவனே காசுகள் அச்சிட்டான். அந்தச் சகோதரர்களோ தங்கள் காசுகளில் அவனுக்கு ஓர் எழுத்தும் தரவில்லை. அமைதி நிலவியதாக யூட்ரோப்பியஸ் எழுதுகிறார். ஆனால் அது வெல்ல முடியாததால் பொறுத்துக்கொண்ட அமைதி.

293 மார்ச் 1 அன்று கான்ஸ்டான்ஷியஸ் இளைய துணையரசனாக அறிவிக்கப்பட்டான். அவனது முதல் வேலை பூலோனைக் கைப்பற்றுவது. துறைமுக வாயிலின் குறுக்கே அணையிட்டு, கடல்வழி உதவியைத் தடுத்து நகரைப் பணிய வைத்தான். அதே ஆண்டில் கரௌசியஸைக் கொன்றவன் பகைவன் அல்லன். அவனுடைய நிதிப் பொறுப்பாளன் அலெக்டஸ். கொன்றவனே மூன்றாண்டுகள் ஆண்டான். 296இல் கான்ஸ்டான்ஷியஸின் தளபதி அஸ்க்லெபியோடோடஸ் மூடுபனியின் மறைவில் வைட் தீவருகே காத்திருந்த கப்பல்களைக் கடந்து கரையிறங்கினான். அலெக்டஸ் போரில் மாண்டான்.

அந்த வெற்றிக்கும் ஒரு நாணய நினைவுண்டு. 1922இல் வட பிரான்சின் அராஸ் நகருக்கு அருகே கிடைத்த புதையலில் ஒரு பெரிய பொற்பதக்கம் இருந்தது. கான்ஸ்டான்ஷியஸ் குதிரைமேல் வருகிறான். ஆற்றில் போர்க்கப்பல். நகர வாயிலின் முன் லண்டன் ஒரு பெண்ணாக மண்டியிட்டுக் கையேந்துகிறாள். நிலையான ஒளியை மீட்டளித்தவன் என்பது வாசகம். பத்தாண்டுகளுக்குள் இரண்டு வருகைகள். முதலாவதில் பெண் நின்று கைகொடுக்கிறாள், இரண்டாவதில் மண்டியிடுகிறாள். இரண்டிலும் அவள் காத்திருந்ததாகவே சொல்லப்படுகிறது. அவளை உண்மையில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இவ்விடத்தில் நாம் நம்மையே எச்சரித்துக்கொள்ள வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில், ஸ்டோன்ஹெஞ்ச் ஆய்வுக்காக அறியப்பட்ட வில்லியம் ஸ்டக்லி, கரௌசியஸின் ஒரு காசில் ஒரு பெண்ணுருவையும் ஒரியுனா என்ற சொல்லையும் கண்டார். அவள் பேரரசனின் மனைவி என்று முடிவு செய்து 1752இல் ஒரு நூலே வெளியிட்டார். உண்மையில் அந்தச் சொல் ஃபோர்ட்டுனா, நற்பேற்றின் தேவதை. முதலெழுத்து தெரியாமலும் நடுவில் ஓர் எழுத்து தெளிவில்லாமலும் போனதால் ஓர் அரசி பிறந்துவிட்டாள். ஓர் எழுத்தின் இழப்பில் ஸ்டக்லி ஒரு மனைவியைக் கண்டார் என்றால், ஒன்பது எழுத்துகளில் ஒரு கவிதையைக் காணும் நாம் அவரினும் மேலானவர்களா?

வேறுபாடு உண்டு என்றே கருதுகிறோம். ஒரியுனாவுக்கு அந்தக் காசைத் தவிர வேறு சான்று இல்லை. விர்ஜிலுக்கோ, வெவ்வேறு பொருள்களில் உள்ள இரண்டு எழுத்துத் தொகுதிகள் ஒரே பாடலின் அடுத்தடுத்த அடிகளோடு பொருந்துகின்றன. மூன்று எழுத்துள்ள அதே காசுகளில் ஈனியட்டின் எதிரொலியும் இருக்கிறது. பொற்காலம் மீள்கிறது என்ற கருத்து, ரோமைப் புதுப்பிப்பவன் என்ற மற்ற காசுகளோடு ஒத்துப்போகிறது. தனித்தனியே இவை ஊகங்களாகலாம். சேர்ந்து நிற்கும்போது வலுப்பெறுகின்றன. ஆயினும் இவை சொல்வது கரௌசியஸ் எப்படி நம்பப்பட விரும்பினான் என்பதைத்தான். பொற்காலம் வந்ததா என்பதற்குக் காசு சாட்சியாகாது. புகழுரையை ஐயுறும் அதே கண்ணால் காசையும் பார்ப்பதே நேர்மை.

2010இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஃப்ரோம் நகருக்கு அருகே ஒரே பானையில் 52,503 ரோமானியக் காசுகள் கிடைத்தன. அவற்றுள் 760க்கும் மேற்பட்டவை கரௌசியஸுடையவை. அவனது வெள்ளிக் காசுகள் ஐந்தும் இருந்தன. அவன் முகம் நாட்டுப்புறம் வரை புழங்கியதை அந்தப் பானை காட்டுகிறது.

அவன் பெயர் தாங்கிய கல்வெட்டு பிரித்தானியாவில் ஒன்றே ஒன்றுதான். 1894இல் கார்லைல் நகருக்கு அருகே பெட்டரில் ஆற்றுப் படுகையில் கிடைத்த மைல்கல் அது. அவனது முழுப்பெயரில் மௌசேயஸ் என்ற பகுதி உண்டென்பதை அதிலிருந்தே அறிகிறோம். அக்கல்லின் மறுமுனையில் இன்னொரு பெயர்: கான்ஸ்டான்டைன், கான்ஸ்டான்ஷியஸின் மகன். 306இல் தந்தை யார்க்கில் இறந்தபின் அரியணைக்கு வந்தவன். பழைய கல்லைத் தலைகீழாக்கி, புதிய பெயரை மேலே பொறித்து, பழைய பெயரை மண்ணுக்குள் நட்டுவிட்டார்கள். வெயிலும் மழையும் படாத அந்த மண்தான் கரௌசியஸின் பெயரைக் காத்து நம் கையில் தந்திருக்கிறது.