மார்கழியில் இரண்டு தேதிகள்

டிசம்பர் 23ஆம் தேதியைத் தேசிய விவசாயிகள் தினமாக 2001 முதல் கொண்டாடி வருகிறார்கள். நமக்குத் தை மூன்றாம் நாள், அறுவடைக்குப் பின், உழவர் திருநாள் உண்டு. மார்கழியில், சம்பா இன்னும் வயலில் நிற்கும்போது, ஏன் இன்னொன்று? அது சௌத்ரி சரண் சிங்கின் பிறந்த நாள்.

1902இல் மீரத் ஜில்லா நூர்ப்பூரில் எளிய குடியானவர் வீட்டில் பிறந்தவர். 1979இல் பிரதம மந்திரியாகி, பார்லிமெண்டைச் சந்திக்காமலே ராஜிநாமாச் செய்தார். அந்தக் கதை இங்கே வேண்டாம். உத்தரப் பிரதேசத்தில் 1952 ஜூலையில் அமலுக்கு வந்த ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1959இல் நாகபுரி காங்கிரஸில், நேரு விரும்பிய கூட்டுப் பண்ணைத் தீர்மானத்தை எழுந்து நின்று எதிர்த்தார். உழுகிறவன் நிலம் அவனுக்கே சொந்தமாக இருக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். எனக்குப் பிடித்த பிடிவாதம்தான்.

ஆனால் நான் தேவிகாபுரத்துக்காரன். ஆரணிப் பட்டு நெய்கிற ஊர். எங்கள் தெருவில் ஒருவரை நெசவாளி என்று சொன்னால் போதாது. சொந்தமாக நெய்கிறாரா, கூலிக்கா என்று உடனே கேட்பார்கள். கூலிக்கு நெய்கிறவருக்குப் பட்டும் ஜரிகையும் முதலாளி தருவது; சேலையும் அவருக்கே போய்ச்சேரும். பெரியநாயகி அம்மன் கோபுரத்தைத் தாண்டி வயல் பக்கம் போனால், பட்டாவில் பெயர் உள்ளவர் வரப்பில் நிற்பார். நாற்று நடுகிற பெண்கள் சேற்றில் நிற்பார்கள். இருவருக்கும் சேர்த்து 'விவசாயி' என்று ஒரே சொல்! அங்கே மட்டும் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

சரண் சிங்கின் சட்டத்தால் குடிவாரக்காரர்கள் பலர் நிலத்துக்கு உரியவரானார்கள். நிலமே இல்லாத கூலியாளுக்குக் கிடைத்தது சொற்பம். தஞ்சைச் சீமையிலோ, 1968இல் கூலியாட்கள் கேட்டது அறுவடைக் கூலியில் இன்னும் கொஞ்சம் நெல். டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மிராசுதாரர்கள் மீது நடந்த வழக்கு ஹைகோர்ட்டில் விடுதலையில் முடிந்தது.

ஆண்டுதோறும் டிசம்பர் 25இல் அந்த ஊரில் செங்கொடிகளோடு கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். தேசிய தினம் முடிந்து அப்போது இரண்டே நாள் ஆகியிருக்கும்.