முள்ளந்தண்டும் உழைப்பும்: இடைத்தட்டுச் சத்திரசிகிச்சையின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மருத்துவ வரலாற்றை மேதைகள் சிலரது கண்டுபிடிப்புகளின் வரிசையாக நோக்குவதே பெருவழக்கு. முள்ளந்தண்டின் இடைத்தட்டு பற்றிய சத்திரசிகிச்சையின் வரலாறு அந்நோக்கின் போதாமையைப் புலப்படுத்துவது.

1911 இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த மிடில்ரன், ரீச்சர் ஆகிய இருவரும் ஒரு தொழிலாளியின் மரணத்தைப் பதிவுசெய்தனர். பாரமான தகடொன்றைத் தூக்குகையில் அவரது முதுகில் ஏதோ முறிந்தது போலிருந்தது; பின்னர் கால்கள் செயலிழந்தன. இடைத்தட்டுச் சிதைவே காரணம் எனப் பிரேத பரிசோதனை காட்டிற்று. எனினும், அடுத்த இரு தசாப்தங்களிலும் பிதுங்கிய தட்டுத் துண்டுகளைச் சத்திரசிகிச்சையாளர் பெரும்பாலும் கட்டிகள் என்றே கருதினர். 1932 இல், பனிச்சறுக்கு விளையாட்டிற் காயமுற்ற ஓர் இளைஞருக்குப் பொஸ்ரனில் மிக்ஸ்ரர் சத்திரசிகிச்சை செய்தார். அவரும் பாரும் 1934 இல் வெளியிட்ட கட்டுரையே நோயின் உண்மை இயல்பை நிலைநாட்டியது.

அன்றைய முறையில் தசைகள் அகற்றி ஒதுக்கப்பட்டு, எலும்பு வளைவும் வெட்டியெடுக்கப்பட்டது. பிற்கால வரலாறு அக்காயம் சுருங்கிய வரலாறாகும். 1960களில் லைமன் சிமித் பப்பாசிப் பாலிலிருந்து பெறப்படும் கைமோபப்பெயின் என்னும் நொதியத்தைத் தட்டினுள் ஊசிமூலம் செலுத்தினார். இலங்கையும் அப்பாலை உலர்த்தி ஏற்றுமதி செய்த நாடு என்பது மனங்கொள்ளத்தக்கது. கடும் ஒவ்வாமையும் நரம்புப் பாதிப்புகளும் அம்முறை கைவிடப்பட வழிவகுத்தன. 1975 இல் யப்பானியரான ஹிஜிகாட்டா தோலினூடாகக் குழாய் செலுத்தித் தட்டின் பகுதியை அகற்றும் முறையை வெளியிட்டார். 1977 இல் யசர்கில், காஸ்பர் ஆகியோர் நுணுக்குக்காட்டியின் துணைகொண்ட முறையை அறிவித்தனர். 1997 இல் ஃபோலியும் சிமித்தும் அகநோக்கியைக் குழாயினுட் புகுத்தினர்.

இம்முன்னேற்றத்தை மறுப்பதற்கில்லை. ஆயின் அதன் வெற்றியை அளக்கும் கோல்களுள் ஒன்று, நோயாளி எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினார் என்பதாகும். நோயாளியின் நலனும் முதலாளியின் நலனும் இங்கு ஒன்றெனத் தோன்றுகின்றன, ஒன்றல்ல.

உழைப்பே தட்டைச் சிதைக்கிறது என எளிதாகக் கூறிவிடவும் இயலாது. 1995 இல் வெளியான பின்லாந்து இரட்டையர் ஆய்வு, தட்டின் சிதைவில் தொழிற்பளுவை விடப் பரம்பரைக்கே கூடிய பங்குண்டு எனக் காட்டியது. இவ்வுண்மையைப் புறக்கணிக்கும் பொருள்முதல்வாதம் வெறும் வாய்ப்பாடே.

வர்க்கம் வேறோரிடத்திற் செயற்படுகின்றது. 1983 இல் நோர்வேயின் வெபர் வெளியிட்ட ஆய்வில், சத்திரசிகிச்சை பெற்றோர் முதலாண்டின் முடிவில் மேம்பட்டிருந்தனர். நான்காம் ஆண்டளவில் ஏனையோருக்கும் அவர்களுக்குமிடையிலான வேறுபாடு பெரிதும் குறைந்துவிட்டது. அதாவது, நோயாளர் பலருக்குக் காலமும் ஒரு மருந்து. சம்பளத்துடன் ஓய்வு பெறக்கூடியவருக்கு அம்மருந்து கிடைக்கும். நாட்கூலிக்கு மூட்டை சுமப்பவருக்குக் கிடையாது. சத்திரசிகிச்சைக்கான பணமும் அவரிடம் இல்லை.

காயத்தைச் சில மில்லிமீற்றராகச் சுருக்கியமை விஞ்ஞானத்தின் சாதனை. காத்திருக்கும் உரிமையை விரிவாக்குதல் விஞ்ஞானத்தால் மட்டும் ஆகக்கூடிய காரியமன்று.