பெங்களூரிலிருந்து வந்த சிந்தாமணி

1907-ல் லண்டன் டேலி தியேட்டரில் 'மெர்ரி விடோ' இசை நாடகம் தொடங்கியது. கதாநாயகி லிலி எல்சி. நாடகம் 778 காட்சிகள் ஓடியது. அவர் தலையில் வைத்த அகலத் தொப்பி ஊரெல்லாம் மோஸ்தரானது. அதே காலத்தில் பெங்களூர் நாடகக் கொட்டகைகளில் திரௌபதியும் சகுந்தலையும் மேடையேறும் முன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்கள். ஸ்திரீபார்ட் என்றால் ஆண்தான்.

அந்த வழக்கத்தை மாற்றிய முன்னோடிகளில் ஒருவர் குப்பி வீரண்ணா. துமகூரு பக்கம் குப்பி என்னும் ஊரில் 1884-ல் தொடங்கிய நாடகக் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து, பின்னர் அதற்கே முதலாளியானவர். அவர் மேடையில் பெண்கள் பெண்களாகவே வந்தார்கள். 1909-ல் மைசூர் அரசு கோயில்களில் தேவதாசி சேவையை நிறுத்தியிருந்தது. பாட்டும் ஆட்டமும் கற்ற குடும்பங்களுக்கு நாடகக் கம்பெனியும் கிராமபோனும் புதுப் பிழைப்பாயின. 'நல்ல குடும்பத்துப் பெண்' மேடையேறுவாளா என்று கேட்டவர்களே முதல் வரிசை டிக்கெட்டும் வாங்கியிருப்பார்கள்.

மைக் இல்லாத காலம். ஓரத்தில் ஹார்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துக்கொடுக்க, தரை டிக்கெட்டில் கடைசியில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் பாட்டு விழ வேண்டும். முகவெட்டு இரண்டாம் பட்சம், சாரீரம்தான் சம்பளம்.

அப்படிப்பட்ட சாரீரத்துக்குச் சொந்தக்காரர் பெங்களூர் கே. அஸ்வத்தம்மா. குப்பி கம்பெனியின் பெயர்பெற்ற நாடகம் 'சதாரமே' 1935-ல் கன்னடப் பேசும்படமானபோது நாயகி அவர், கள்ளபார்ட் வீரண்ணா. சதாரம் கதை தமிழ்க் கம்பெனிகளுக்கும் பழகியதுதான். அதே ஆண்டு தமிழில் வந்த 'நவீன சதாரம்' படத்தில் நடித்தவர் எம்.கே. தியாகராஜ பாகவதர். ஆளுக்கொரு மொழியில் ஒரே கதையைப் பாடிய இருவரும் இரண்டே ஆண்டில் ஒரே படத்தில் சேர்ந்தார்கள்.

அந்தப் படம் 'சிந்தாமணி'. 1937 மார்ச்சில் வெளிவந்தது. இயக்குநர் ஒய்.வி. ராவ், முதல் கன்னடப் பேசும்படமான 'சதி சுலோசனா'வை எடுத்தவர். பெங்களூரில் வீரண்ணாவுக்கு மௌனப்படமும் எடுத்துக்கொடுத்திருந்தார். கன்னட நாட்டுக் குரல்கள் அவருக்குப் புதிதல்ல. பாட்டுகள் பாபநாசம் சிவனுடையவை. பாகவதர் பில்வமங்களன்; அவனைப் பித்தாக்கி, கடைசியில் கண்ணன்மேல் பக்தி கொள்ள வைக்கும் தாசி சிந்தாமணியாக அஸ்வத்தம்மா. தாசி என்றால் முகம் சுளித்த ஊர், திரையில் அவள் பக்திப் பாட்டுப் பாடினால் கைகூப்பியது! ஓராண்டுக்கு மேல் ஓடிய முதல் தமிழ்ப்படம் என்ற பெயர் இதற்குத்தான். வந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே எழுந்தது. அதன் பெயரும் சிந்தாமணி.

அடுத்து அஸ்வத்தம்மாவுக்கு 1939-ல் 'சாந்த சக்குபாய்'. அதற்குமேல் காலம் இடம் கொடுக்கவில்லை. 1944-ல் காசநோய் அவரைக் கொண்டுபோனது. வயது நாற்பதுகூட ஆகவில்லை. அந்த நோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை அமெரிக்க விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்ததும் அதே 1944-ல்தான்.

நீண்ட ஆட்டம் ஆடியவர் பி. ஜெயம்மா. குப்பி கம்பெனியின் நட்சத்திரம், வீரண்ணாவின் மனைவியும்கூட. மௌனப்படம் தொட்டு, 'ஸ்வர்க சீமா' தெலுங்குப் படத்தில் நடிகர் நாகய்யாவுக்கு மனைவியாக, 'ஹேமரெட்டி மல்லம்மா'வில் மல்லம்மாவாக என்று நாடகத்திலும் படத்திலும் மாறி மாறி நின்றார். 1953-ல் குப்பிக்காரர்கள் ஏவி.எம்.முடன் கைகோத்து 'குணசாகரி' எடுத்தார்கள். தமிழில் அது 'சத்திய சோதனை'. அடுத்த ஆண்டு வந்த 'பேடர கண்ணப்பா' அதே கம்பெனியில் வளர்ந்த ராஜ்குமாரைக் கதாநாயகனாக்கியது. சினிமா வெள்ளத்தில் பல நாடகக் கம்பெனிகள் கொட்டகையைப் பிரித்தபோது, குப்பிக்காரர்கள் அந்த வெள்ளத்திலேயே நீந்தப் பார்த்தார்கள்.

குப்பி மேடையில் பழகிய ஆர். நாகரத்தினம்மா போன வழி வேறு. 1958-ல் பெங்களூரில் ஸ்திரீ நாடக மண்டலியைத் தொடங்கினார். பெண்கள் மட்டுமே உள்ள கம்பெனி. நம் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் வெகு முன்னரே செய்த காரியம். ராஜபார்ட்டும் பெண்தான், கம்சனும் பெண்தான். பீமனாகக் கதாயுதத்தைத் தோளில் சாய்த்து, மீசையை முறுக்கிக்கொண்டு வந்தவர் நாகரத்தினம்மாவே. 2012-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.