போதைநோய் ஆய்வுப் பயிற்சி (அமெரிக்கா)

ஆய்வுத்துறையில் குறைவாகவே இடம்பெற்றுள்ள சமூகங்களின் செவிலிய, மருத்துவ மாணவர்களைப் போதைநோய் ஆய்வுக்கு அழைத்துவரும் திட்டங்கள். கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், பூர்வகுடியினர், மாற்றுத்திறனாளிகள், வறிய குடும்பப் பிள்ளைகள் ஆகியோரை முன்னிறுத்தி இவை உருவாயின. 1974இல் தொடங்கிய தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் (நைடா) முதன்மைப் புரவலர்.

தேவை எங்கிருந்து வந்தது? நடுவண் அரசின் ஆய்வு நிதி கேட்போரில் கறுப்பினத்தவரின் வெற்றிவாய்ப்பு, படிப்பும் வெளியீடுகளும் ஒத்திருந்தும், வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளி குறைவு என 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. அவர்கள் தேர்ந்தெடுக்கும் தலைப்புகளும் ஒரு காரணம் என்றது 2019ஆம் ஆண்டு ஆய்வு. சமூக நலவாழ்வு சார்ந்த தலைப்புகளுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைவு. வழிகாட்டி இல்லாத மாணவர் இதை அடிபட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

பயிற்சி பெரும்பாலும் கோடை விடுமுறையில், உதவித்தொகையுடன் நடக்கும். ஓபியாய்டு விலகல் அளவுகோல் போன்ற கருவிகளையும் மாணவர் பழகக்கூடும்: நாடித்துடிப்பு, வியர்வை, விரிந்த கண்மணி, கொட்டாவி, மயிர்க்கூச்சு என 11 கூறுகளுக்கு நோயாளியின் அருகிருந்து மதிப்பெண் இட வேண்டும். இதில் செவிலிய மாணவரின் கண் பெரும்பாலும் கூர்மை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் உயர்நிலைச் செவிலியருக்கும் ஓபியாய்டு போதைநோய்க்கான மருந்தான புப்ரெனார்பினைப் பரிந்துரைக்க வழிவிட்டதால், அவர்கள் கேட்கும் ஆய்வுக் கேள்விகளுக்கும் எடை கூடியது.

2025இல் நடுவண் அரசு பன்முகத்தன்மைத் திட்டங்களுக்கு எதிராகத் திரும்பியபோது, இவ்வகை நிதியுதவிகள் பல நிறுத்தப்பட்டன.