ஒரே கூரையின் கீழ் பீஷ்மரும் அர்ஜுனனும்

குருக்ஷேத்திரத்தில் பீஷ்மரும் அர்ஜுனனும் பத்து நாட்கள் எதிரெதிர் அணியில் நின்றார்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆவடியில் அவர்கள் ஒரே தொழிற்சாலையில் பிறந்து, இருபது வருஷத்துக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரஷ்யாவின் டி-90 டாங்கிக்கு இங்கே வைத்த பெயர் பீஷ்மா. நாமே வடிவமைத்த டாங்கியின் பெயர் அர்ஜுன். இரண்டும் கனரக வாகனத் தொழிற்சாலையின் வாசல் வழியாகத்தான் வெளியே வருகின்றன. பெயர் வைத்தவர்களுக்கு மகாபாரதக் கதை மறந்துபோயிருக்குமா, இல்லை நன்றாகவே ஞாபகம் இருந்திருக்குமா என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வரும்.

“சொந்த டாங்கி இருக்கும்போது எதற்கு வெளிநாட்டு டாங்கி?” என்று ஒரு தரப்பு கேட்கும். “போர்முனையில் உட்காரப்போகிறவனிடம் போய் தேசபக்தி பேசாதே” என்று இன்னொரு தரப்பு சொல்லும். இரண்டிலுமே நியாயம் உண்டு. ஆனால் சொந்தம், வெளிநாடு என்று இரண்டு தெளிவான பெட்டிகள் இருப்பதாக இரு தரப்புமே நம்புகின்றன. ஆவடியின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

விஜயந்தா

1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடியது. இந்தியாவில் சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்ற தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். ஆறு வருஷம் கழித்து, 1961ல், இந்திய அரசு பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு டாங்கி தயாரிக்க ஒப்பந்தம் போட்டது. தொழிற்சாலைக்கு ஆவடியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1960களின் நடுவில் அங்கிருந்து வர ஆரம்பித்த டாங்கிதான் விஜயந்தா.

சுமார் 39 டன் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி, லேலண்ட் எஞ்சின். வடிவமைப்பு முழுக்க ஆங்கிலேயர்களுடையது, பெயர் சமஸ்கிருதம், உழைப்பு தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுடையது. ஆரம்பத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளூரிலேயே செய்யப் பழகினார்கள். 1980களின் முற்பகுதி வரை தயாரிப்பு நடந்தது. 1971 போரிலும் அது களம் கண்டது. இன்று பல ஊர்களில் சிமென்ட் மேடை மேல் வெயில் காய்ந்தபடி நிற்கும் டாங்கிகளில் கணிசமானவை ஓய்வுபெற்ற விஜயந்தாக்கள்தான். அது உள்நாட்டு டாங்கியா, வெளிநாட்டு டாங்கியா? எப்படிச் சொன்னாலும் பாதி உண்மைதான்.

காகிதத்தில் வளர்ந்த டாங்கி

1965 போர் நம் ராணுவத்துக்கு ஒரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்தது. பஞ்சாபின் அசல் உத்தரில் பாகிஸ்தானின் அமெரிக்க பேட்டன் டாங்கிகள், அன்றைக்கு நவீனமானவை, கும்பலாக அழிந்தன. தண்ணீர் தேங்கிய வயல், கரும்புத் தோட்டம், மறைந்து நின்ற செஞ்சுரியன் டாங்கிகள், ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு காத்திருந்த அப்துல் ஹமீது போன்ற வீரர்கள். விலை உயர்ந்த இயந்திரத்தை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. அது எந்த மண்ணில் ஓடப்போகிறது, யார் ஓட்டப்போகிறார் என்பதும் சேர்ந்தால்தான் ஆயுதம்.

நம் மண்ணுக்கு ஏற்ற டாங்கியை நாமே செய்வோம் என்ற எண்ணம் 1970களின் தொடக்கத்தில் திட்டமாக மாறியது. 1974ல் 15.5 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆவடியில் இதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் வந்தது. முதலில் யோசித்தது 40 டன் வகையைச் சேர்ந்த நடுத்தர டாங்கி. பிறகு உலகம் மாறியது. மேற்கே ஜெர்மனியின் லெப்பர்டு-2, அமெரிக்காவின் ஏப்ரம்ஸ். பாகிஸ்தான் ஏப்ரம்ஸ் வாங்கலாம் என்ற பேச்சும் வந்தது. 1988 ஆகஸ்ட் 17 அன்று பகவல்பூர் அருகே ஏப்ரம்ஸின் செயல்விளக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் ஜியா உல் ஹக் விமான விபத்தில் இறந்தார். பாகிஸ்தான் அந்த டாங்கியை வாங்கவே இல்லை. ஆனால் அந்தப் பயம் ஆவடியின் வரைபடங்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பீரங்கி 120 மில்லிமீட்டர் ஆனது. கவசம் தடித்தது. எடை 58.5 டன்னில் போய் நின்றது.

கல்யாண வீட்டில் தையல்காரர் அளவெடுத்துப்போன பிறகு மாப்பிள்ளை குண்டாகிக்கொண்டே போனால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. 1,500 குதிரைத் திறன் எஞ்சினை இங்கேயே செய்ய முயன்றார்கள், முடியவில்லை. ஜெர்மனியின் எம்டியூ நிறுவனத்தின் 1,400 குதிரைத் திறன் எஞ்சின் வந்தது. கியர் பெட்டியும் ஜெர்மனி. ஹைதராபாத் ஆய்வகம் உருவாக்கிய காஞ்சன் கவசமும், பள்ளம் மேட்டில் வண்டியை மிதக்கவைக்கும் சஸ்பென்ஷனும் நிஜமான உள்நாட்டுச் சாதனைகள். ஆனாலும் டாங்கியின் மதிப்பில் பாதிக்கு மேல் இறக்குமதிதான்.

இதற்கிடையே ராணுவம் காத்திருக்க முடியாமல் 1970களின் இறுதியில் சோவியத்தின் டி-72ஐ வாங்கியது. பிறகு அதுவும் ‘அஜேயா’ என்ற பெயரில் ஆவடியிலேயே தயாரானது. நம் டாங்கிப் படை பழகியது இந்த வண்டியோடுதான். பணிமனை, உதிரிபாகம், பயிற்சி, பாலம், ரயில் வேகன் எல்லாமே சோவியத் அளவுக்கு அமைந்துவிட்டன.

இரண்டு தத்துவங்கள்

1990களின் பிற்பகுதியில் பாகிஸ்தான் உக்ரைனிடமிருந்து 320 டி-80யூடி டாங்கிகளை வாங்கியது. பதிலாக இந்தியா 2001 பிப்ரவரியில் 310 டி-90களுக்கு ஒப்பந்தம் போட்டது. அதற்கு முந்தைய வருஷம்தான் 124 அர்ஜுன்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். சண்டை இங்கே சூடுபிடித்தது.

இரண்டும் இரண்டு விதமான சிந்தனைகள். டி-90 சிறியது, தாழ்வானது, 46.5 டன். குண்டை இயந்திரமே ஏற்றும், அதனால் உள்ளே மூன்று பேர் போதும். ஆனால் குண்டுகள் வீரர்களின் காலடியில், அதே அறைக்குள் இருக்கும். கவசம் துளைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை உக்ரைன் போரின் காணொளிகளில் உலகமே பார்த்துவிட்டது. டாங்கியின் தலைப்பகுதி அப்படியே பிய்த்துக்கொண்டு பறக்கும். அர்ஜுன் பெரியது. நான்கு பேர், குண்டு ஏற்ற ஒரு ஆள். உள்ளே இடம் அதிகம். எடை அகலமான சங்கிலிப் பட்டையில் பரவுவதால் நாம் நினைக்கும் அளவுக்கு மணலில் புதையாது. ஆனால் பஞ்சாபின் கால்வாய்ப் பாலங்களும் சாதாரண ரயில் வேகன்களும் அதை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல. ராணுவத்தின் இந்தத் தயக்கத்தை வெறும் வெளிநாட்டு மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது.

டி-90ம் சுகமாக வந்து சேரவில்லை. ராஜஸ்தான் கோடையில் அதன் இரவுப் பார்வைக் கருவிகள் சூட்டில் செயலிழந்தன. பீரங்கிக் குழாய், கவசம் ஆகியவற்றின் தொழில்நுட்பத்தை முழுமையாகக் கொடுப்பதில் ரஷ்யா இழுத்தடித்தது. உரிமம் வாங்கிவிட்டோம் என்ற நம்பிக்கையில் இருந்தவர்கள் பல பாகங்களை இங்கே புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று.

2010ல் ராஜஸ்தான் பாலைவனத்தில் இரண்டையும் நேருக்கு நேர் ஓடவிட்டார்கள். முழு அறிக்கை பொதுவெளிக்கு வரவில்லை. ஆனால் 2014ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை, சுடும் துல்லியத்தில் அர்ஜுன் சற்று முன்னால் நின்றதாகச் சொன்னது. டி-90க்கு அளவுகோலைத் தளர்த்தியதையும் அது குறிப்பிட்டது. சோதனைக்குப் பிறகு அர்ஜுனுக்குக் கிடைத்தது இன்னொரு 124 ஆர்டர். டி-90யோ ஆயிரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

என்னைப் பொறுத்தவரை மொத்தக் கதையும் இந்த எண்களில்தான் இருக்கிறது. 124 டாங்கிக்காக யாரும் உதிரிபாகத் தொழிற்சாலை கட்ட மாட்டார்கள். ஆர்டர் சின்னது என்பதால் விலை ஏறும். விலை ஏறுவதால் அடுத்த ஆர்டர் சுருங்கும். உதிரிபாகம் வராமல் வண்டி நிற்கும். வண்டி நிற்பதைக் காட்டி, “பார்த்தீர்களா, உள்நாட்டுச் சரக்கு” என்பார்கள். சில வருஷங்களுக்கு முன் அர்ஜுன்களில் பெரும்பகுதி ஓடாமல் நிற்பதாகச் செய்தி வந்தபோது அதைத்தான் சொன்னார்கள்.

ராஜஸ்தானில் டி-72 ஓட்டிய என் சித்தப்பாவிடம் ஒருமுறை இதைப் பற்றிக் கேட்டேன். “எந்த ஊர் வண்டின்னு நாங்க பார்க்கமாட்டோம்டா. காலையில ஸ்டார்ட் ஆகுமா, ரிப்பேர் ஆனா சாமான் எத்தனை நாள்ல வரும், அவ்ளோதான்” என்றார். தேசபக்தர்களும் யதார்த்தவாதிகளும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

எஞ்சின் யாருடையது?

2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாயில் ஆர்டர் போனது. ஒன்றுக்கு அறுபது கோடிக்கு மேல். எடை 68 டன் ஆகிவிட்டது. அந்த எஞ்சினின் தயாரிப்பை மறுபடி தொடங்கவே வருஷக்கணக்காகும் என்று ஜெர்மனியிலிருந்து பதில் வர, வேலை தேங்கியது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். பாகிஸ்தான் பெருமையோடு காட்டும் அல் காலித் டாங்கி ஓடுவது உக்ரைன் எஞ்சினில்.

2020ல் லடாக்கில் சீனாவோடு பதற்றம் வந்தபோது மலையேறியவை டி-72களும் டி-90களும். அர்ஜுன் போகவில்லை. அந்த உயரத்துக்கென்று இப்போது 25 டன் எடையில் ஜொராவர் வருகிறது. வடிவமைப்பு நம்முடையது, எஞ்சின் அமெரிக்க நிறுவனத்துடையது, பீரங்கியோடு கூடிய தலைப்பகுதி பெல்ஜியம்.

அதனால் டாங்கி எந்த நாட்டுடையது என்று கேட்பதைவிட, போர் நடக்கும்போது யார் அதை நிறுத்த முடியும் என்று கேட்பது உபயோகமானது. ரஷ்யா உக்ரைனில் சிக்கிக்கொண்டால் பீஷ்மாவின் பாகங்கள் தாமதமாகும். பெர்லின் கையெழுத்து போடவில்லை என்றால் அர்ஜுன் நின்றுவிடும்.

2024 மார்ச் 20 அன்று மைசூரில், உள்நாட்டிலேயே செய்த 1,500 குதிரைத் திறன் டாங்கி எஞ்சினை முதல்முறையாக இயக்கிப் பார்த்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன் அர்ஜுன் திட்டத்தோடு தொடங்கிய கனவு அது. சோதனை மேடையிலிருந்து ஒரு டாங்கிக்குள் இறங்க அதற்கு இன்னும் சில வருஷங்கள் ஆகும். அப்போது ராணுவம் எத்தனை வண்டிக்கு ஆர்டர் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். மறுபடியும் 124 என்றால், நாம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.